கழனிக்குக் கணக்கு நோட்டு இருக்கு... உடம்புக்கு?

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு இதுவரை நான்கைந்து முறை கேள்வி அனுப்பியிருப்பேன். முதல் முறை, ‘என் கத்திரிச் செடிகள் வாடுகின்றன, என்ன செய்யலாம்?’ என்று ஒரே வரியில் எழுதிப் போட்டேன். பதிலுக்கு ஏழெட்டுக் கேள்விகள் திரும்பி வந்தன. என்ன ரகம்? நட்டு எத்தனை நாள் ஆகிறது? என்ன மண்? அடியுரம் என்ன போட்டீர்கள்? கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள்? வாடிய செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தீர்களா?

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பாதிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாளே கூடுவாஞ்சேரி போய் ஒரு நோட்டு வாங்கினேன். விதைத்த தேதி, உரம், மருந்து, மழை, அறுப்புக் கூலி என்று எல்லாமே இப்போது அதில் இருக்கிறது. அந்த நோட்டு இல்லாமல் பூச்சிமருந்துக் கடைக்குக்கூட நான் போவதில்லை.

ஆனால், எழுபத்தொரு வயதான என் அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதி வைத்திருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்பது போன கார்த்திகையில் ஒரு விடியற்காலையில்தான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லாத ஊர்

பொத்தேரியிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கழனி. ஒன்றரை ஏக்கர், ஏரிப் பாசனம். சம்பா, நவரை, தண்ணீர் இருந்தால் சொர்ணவாரி. மேட்டில் அரை ஏக்கர் கத்திரி, வெண்டை. பொத்தேரி ரயில் நிலையத்தைச் சுற்றி இப்போது பல்கலைக்கழகமும், மருத்துவக் கல்லூரியும், மாணவர் விடுதிகளும், அடுக்குமாடிகளும்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிளினிக், ஒரு மெடிக்கல். தெற்கே ரயில் ஏறினால் செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டாக்டர் இல்லாமல் தவித்த ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்லவே முடியாது.

அம்மாவுக்குப் பதினோரு வருஷமாக சுகர். அதற்கு ஒரு தனியார் டாக்டரிடம் காட்டி, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் அது. எங்களைப் போல மாதம் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மருந்துக்கு அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கார்த்திகையில் அடைமழை. அம்மாவுக்குக் காய்ச்சல், முட்டிவலி. வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. அதனால் ரோட்டோரமாக இருந்த வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கூட்டம் நெரிந்தது. டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். சுகர் 260.

“சுகருக்கு மாத்திரை எடுக்கிறாங்களா?”

“எடுக்கிறாங்க சார்.”

“என்ன மாத்திரை?”

“சின்னதா, பச்சையா இருக்கும் சார். காலையில ஒண்ணு.”

என் பதில் அவ்வளவுதான். ‘கத்திரி வாடுகிறது’ என்று எழுதினேனே, அதே மாதிரி. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் மேற்கொண்டு சொல்லவில்லை. காய்ச்சலுக்கு, வலிக்கு, சுகருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். புது மாத்திரைகளை வாங்கி, பழைய மாத்திரை இருந்த அதே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தோம்.

‘மடை திறந்தாச்சா?’

மூன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணி இருக்கும். வீட்டுக்காரி என்னை உலுக்கி எழுப்பினாள். “என்னாங்க, அத்தை ஒரு மாதிரி பேசுறாங்க, வந்து பாருங்க.”

அந்தக் குளிரிலும் அம்மாவின் புடவை வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, “மடை திறந்தாச்சா? கெழக்கால கழனிக்குத் தண்ணி போவுதா?” என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. என் அப்பாவிடம் கேட்பதுபோலக் கேட்டார். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

பக்கத்து வீட்டு அக்கா, “மழையில போயிட்டு வந்தாங்க இல்ல, காத்து கருப்பு எதுனா அண்டியிருக்கும்” என்றார். பக்கவாதமாக இருக்குமோ என்றார் இன்னொருவர். எனக்கு எதுவும் புரியவில்லை. 108-க்குப் போன் செய்தேன். வண்டியில் வந்த தம்பி முதலில் செய்த வேலை, விரலில் குத்திப் பார்த்ததுதான். 41.

“சுகர் இறங்கியிருக்குண்ணே. சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க” என்று சொல்லிக்கொண்டே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். வண்டி மெயின் ரோடு வருவதற்குள் அம்மா கண்ணைத் திறந்து, “எங்கடா போறோம்?” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது.

மருத்துவமனையில் டியூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா மஞ்சள் பையை மேசைமேல் கொட்டினார். இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் காட்டினார். மேலே பெரிதாக இருந்த பெயர்கள் வேறு வேறு. கீழே இருந்த பெயர் இரண்டிலும் ஒன்றே: கிளிமிபிரைடு. புதியதில் அதோடு மெட்ஃபார்மினும் சேர்ந்திருந்தது.

“ரெண்டும் ஒரே மருந்துதாங்க. அம்மா மூணு நாளா ரெண்டு பங்கு சாப்பிட்டிருக்காங்க. காய்ச்சல்ல சோறும் சரியா சாப்பிட்டிருக்க மாட்டாங்க.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இந்த மருந்தின் வேகம் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், குளுக்கோஸ் கொடுத்த பிறகும் சுகர் மறுபடி இறங்கலாம் என்று சொல்லி இரண்டு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

டெக்னிக்கல் பேரைப் பார்க்கத் தெரிந்தவன்தான் நான்

அந்த இரண்டு ராத்திரியும் வராந்தாவில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூச்சிமருந்துக் கடையில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. கடைக்காரர் ஒரு புது டப்பாவை எடுத்து வைத்தால், திருப்பி டெக்னிக்கல் பேரைத்தான் முதலில் பார்ப்பேன். “இது இமிடாகுளோபிரிட்தானே, போன வாரம் அடிச்சாச்சே” என்று வைத்துவிடுவேன். பத்து கம்பெனி பத்துப் பெயரில் விற்றாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மாத்திரையிலும் அதே கதைதான். அட்டையில் கம்பெனி வைத்த விற்பனைப் பெயர் ஒன்று இருக்கும். அதோடு மருந்தின் உண்மையான பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும் அச்சாகியிருக்கும். நம்முடைய டெக்னிக்கல் பேர் அதுதான். வெண்டைக்குக் காட்டிய அந்தக் கவனத்தை அம்மாவுக்குக் காட்டவில்லையே என்பதுதான் என்னைக் குத்தியது.

சுகர் மாத்திரையில் மட்டும் நடக்கிற தவறு இல்லை இது. காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால் இருக்கும். சளிக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் சேர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறும், ஈரல் கெடும்.

உலகம் முழுக்கவே இது பெரிய பிரச்னை. மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் தனியாக ஓர் இயக்கமே தொடங்கியது. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 17 நோயாளிகள் பாதுகாப்பு தினம். 2022-ல் அந்த நாளில் அவர்கள் சொன்னது மூன்றே சொல்: தெரிந்துகொள், சரிபார், கேள். நம் பாட்டன் விதை வாங்கும்போது செய்ததும் இதைத்தான்.

கணக்கு யாரிடம் இருக்க வேண்டும்?

யார்மேல் குற்றம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அந்த டாக்டர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். மெடிக்கலில் பழைய மாத்திரை என்ன என்று விசாரித்திருக்கலாம். எல்லாம் சரிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், சுகர் டாக்டருக்குக் காய்ச்சல் டாக்டரைத் தெரியாது. வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் தங்கைக்கு அந்த இருவரையும் தெரியாது. இந்த எல்லோரிடமும் போய்வருகிற ஒரே ஆள் நோயாளிதான். அதனால் முழுக் கணக்கும் நோயாளி வீட்டில்தான் இருக்க முடியும். பக்கத்திலேயே எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும் இந்த வேலையை நமக்காக வேறு யாரும் செய்துவிட மாட்டார்கள்.

வீடு திரும்பிய அன்றே என் மகளை உட்கார வைத்து, கழனி நோட்டு மாதிரியே அம்மாவுக்கும் ஒரு நோட்டு போட்டோம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

• முதல் பக்கம்: பெயர், வயது, என்னென்ன நோய், எந்த வருஷத்திலிருந்து, நடந்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்கு இரண்டு போன் நம்பர். ஒத்துக்கொள்ளாத மருந்தை மட்டும் சிவப்பு மையில்.

• இரண்டாம் பக்கம்: மாத்திரைப் பட்டியல். மருந்தின் உண்மைப் பெயர், விற்பனைப் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதற்காக, யார் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து. நிறுத்தியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, நிறுத்திய தேதி.

• மூன்றாம் பக்கம்: சுகர், பிரஷர், எடை. தேதி போட்டு.

• கடைசிப் பக்கம்: அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் காலை மாத்திரை டப்பாவில் சூரியனும், இரவு டப்பாவில் நிலாவும் மகள் வரைந்து ஒட்டியிருக்கிறாள். “எனக்கு இன்னாத்துக்குடா இந்த வேஷமெல்லாம்” என்று முதலில் அலுத்துக்கொண்டவர், இப்போது நாங்கள் மறந்தாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

இன்னொன்று. மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். பெயரும் காலாவதித் தேதியும் மறு துண்டில் போய்விடும். “பேரும் தேதியும் இருக்கிற பக்கமா வெட்டிக் கொடுங்க” என்று கேளுங்கள். இல்லையென்றால் அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். நோட்டில் எழுத வேண்டிய பெயர் அதிலும் இருக்கும்.

சீட்டை வாங்குவதற்கு முன்...

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நமக்கு ஒரு பயம். வேளாண்மை அலுவலரிடம் அரை மணி நேரம் பேசுகிற நாம், டாக்டர் அறையில் இரண்டு நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுகிறோம். இந்த ஐந்து கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது:

1. இது எதற்கான மருந்து?
2. ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எதுவும் இதில் இருக்கிறதா? (கேட்கும்போதே நோட்டை நீட்டுங்கள்.) பழையதைத் தொடரவா, நிறுத்தவா?
3. எத்தனை நாள்?
4. ஒரு வேளை மறந்துவிட்டால், அல்லது சாப்பிட முடியாமல் போனால் என்ன செய்ய?
5. என்ன தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

இதில் நான்காவது கேள்வியை நான் கேட்டிருந்தால், அம்மா வெறும் கஞ்சியோடு இருந்த அந்த மூன்று நாளும் விபத்து இல்லாமல் போயிருக்கும்.

சீட்டில் எழுதியது படிக்கும்படி இல்லையென்றால் அங்கேயே கேட்பதில் தப்பில்லை. மருந்தைப் பொதுப்பெயரில், தெளிவாக, முடிந்தவரை பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை விதியில் 2016-லேயே திருத்தம் வந்துவிட்டது.

பொதுப்பெயர் கையில் இருந்தால் செலவும் குறையும். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பெயரையும் மில்லிகிராமையும் நோட்டோடு ஒப்பிட்டு வாங்கினால் போதும். ஆனால் புதிதாக வாங்கியதைப் பழையதோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் நடந்ததே அதுதான்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கு அம்மா சொன்ன பதில் எனக்கே புதுசு. ஆறு மாதமாகத் தினமும் சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டு வந்திருக்கிறார். அது சுகரைக் குறைக்கும் மூலிகைதான். அதனால்தான் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரையோடு சேரும்போது இரண்டும் சேர்ந்து இறக்கிவிடும். “கைமருந்து தப்புன்னு சொல்லலம்மா. சாப்பிடுறது எங்களுக்குத் தெரிஞ்சா, மாத்திரை அளவை அதுக்கேத்த மாதிரி பார்த்துக்கலாம்” என்றார் அவர். பாகற்காய்ச் சாறு, கஷாயம், லேகியம் எதுவானாலும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது வலி மாத்திரை. நடவும் களையெடுப்பும் முடிந்தால் இடுப்பு ஒடியும். மெடிக்கலில் வாங்கி ஒன்று போட்டுக்கொண்டு மறுநாள் வெயிலில் இறங்குவது நமக்குப் பழக்கம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் உடம்புக்கு இன்னும் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தால் சுகர் மாத்திரையும் உடம்பில் தங்கிவிடும்.

மூன்றாவது, அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரை நமக்கு ஆகாது.

சுகர் இறங்கினால் என்ன செய்வது?

திடீர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, கண் மங்கல், சம்பந்தமில்லாத பேச்சு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இவை வந்தால் முதலில் சுகர் இறக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். 70-க்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. மெஷின் இல்லையென்று காத்திருக்க வேண்டாம்.

நினைவு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிட வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரைப் பையையும் நோட்டையும் வண்டியில் கூடவே எடுத்துப் போங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் இறங்கியிருந்தால், தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, பயந்து சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்துதான். காய்ச்சலில் சாப்பிட முடியாத நாளில் மாத்திரை அளவு என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். உடனே போக முடியாவிட்டால், 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள்

மருத்துவமனையில் சேர்த்து வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளையும் ஒரே ஃபைலில் போடுங்கள். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதனால் தயங்காமல் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதன் நகலும் அந்த ஃபைலிலேயே இருக்கட்டும். நெஞ்சுவலி வந்த ராத்திரியில் பரண்மேல் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தை அறுப்பு முடிந்து, நவரைக்கு நாற்று விட்டிருந்தபோது, அம்மாவைப் பழைய சுகர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நோட்டை நீட்டினேன். மெதுவாகப் புரட்டிப் பார்த்தவர், மாத்திரை அளவைப் பாதியாகக் குறைத்தார். “மூணு மாச ரீடிங் இருக்கிறதாலதான் குறைக்கத் தைரியம் வந்தது” என்றார். திரும்பும்போது ரயிலில் அம்மா கேட்டார், “நோட்டுல இன்னா எழுதினாரு?” படித்துக் காட்டினேன். “சரி, மடைகிட்ட பசலி முளைச்சிருக்கும், போற வழியில பிடுங்கிப் போட்டுட்டுப் போ” என்றார். இந்த முறை என்னிடம்தான் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாத்திரைப் பை எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் அதைப் பாயில் கொட்டி, அட்டைகளின் டெக்னிக்கல் பேரைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பேர் இரண்டில் இருந்தால், நீங்களாக எதையும் தூக்கிப் போடாமல், இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே டாக்டரைப் பாருங்கள்.